நோட்டில் ஏறிய பிரஷர்

எங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளை பெற்ற யாருடைய செக்கப் அட்டையை வேண்டுமானாலும் வாங்கிப் பாருங்கள். பி.பி. என்ற கட்டத்தில் 110/70, 120/80, மறுபடி 110/70 என்று எழுதியிருக்கும். 117 இருக்காது, 83 இருக்காது. எந்த மாதம் பார்த்தாலும், யாருக்குப் பார்த்தாலும் பூஜ்யத்தில்தான் முடியும்.

என் முதல் பிரசவத்து அட்டையும் அப்படித்தான் இருக்கிறது. கடைசி மாதம் வரை 110, 120 என்று போய்க்கொண்டிருந்தது, ஒரே வாரத்தில் 150/100. அதற்குக் கீழே சிவப்பு மையில் 'அட்மிட்'. நடுவில் என் உடம்பில் என்ன நடந்தது என்பதற்கு அந்த அட்டையில் ஒரு தடயமும் இல்லை. வலி வர ஊசி போட்டு, 37-வது வாரத்தில் பெண் பிறந்தாள். நல்லபடியாகத்தான் பிறந்தாள்.

அந்த நர்ஸ்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. காலையில் வரிசை வாசல் வரை நிற்கும். பாதரச மிஷினில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் போட்டிருக்கும். காற்றை இறக்கிக்கொண்டே, ஸ்டெதஸ்கோப்பில் டப் டப் என்ற சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே மறைகிறது என்று பிடிக்க வேண்டும். கொரொட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் 1905-இல் சொன்ன முறைதான் இன்னும் நடக்கிறது. அந்தச் சத்தத்தை நிதானமாகக் கேட்க அவர்களுக்கு ஏது நேரம்? பக்கத்தில் இருக்கிற பத்துக்குத் தள்ளி எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான் இது. ஆனால் கர்ப்பத்தில் சேதியே அந்தக் கடைசி இலக்கத்தில்தான் இருக்கிறது. 112 இருந்தவளுக்கு 116, பிறகு 124, பிறகு 134 என்று ஏறினால் அது ஒரு கதை. அதையே 110, 120, 120, 130 என்று எழுதிவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

இரண்டாவது முறை உண்டானபோது சென்னையில் நான் பார்த்த டாக்டரம்மா முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, 12-வது வாரத்திலிருந்து இரவில் குறைந்த அளவு ஆஸ்பிரின். முன்பு பிரஷர் வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பைக் குறைக்க இதைக் கொடுக்கிறார்கள். டாக்டர் சொல்லித்தான் எடுக்க வேண்டும், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று எடுக்கக் கூடாது. இரண்டாவது, "வீட்ல ஒரு பி.பி. மிஷின் வாங்கி வச்சுக்கோங்க. என்னை மாசம் ஒரு தடவைதான் பார்க்கப் போறீங்க. மீதி நாள் யார் பார்க்கிறது?"

மாதம் ஒருமுறை என்பது எவ்வளவு பெரிய இடைவெளி என்று அப்போதுதான் யோசித்தேன். கர்ப்பத்தில் பிரஷர் ஒரே நிலையில் இருப்பதில்லை. முதல் பாதியில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து கொடுப்பதால் அது இறங்கும், ஐந்து மாதம் வாக்கில் அடித்தட்டில் இருக்கும். கடைசி மூன்று மாதத்தில் மெல்ல ஏறிப் பழைய இடத்துக்கு வரும். இருபதாவது வாரத்துக்குப் பிறகு 140-க்கு 90-ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதம் போகிறது, அல்லது ஈரலோ சிறுநீரகமோ ரத்தத் தட்டணுக்களோ பாதிக்கப்படுகிறது என்றால் அதன் பெயர் பிரீ எக்லாம்ப்சியா. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோகும் கர்ப்பப்பைக் குழாய்கள் ஆரம்பத்திலேயே சரியாக விரியாததில் தொடங்குகிற கோளாறு இது. அதிலிருந்து கிளம்பும் சில பொருள்கள் தாயின் உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. முற்றினால் வலிப்பு, அதைத்தான் எக்லாம்ப்சியா என்கிறார்கள். நம் பாட்டிமார்கள் ஜன்னி என்று சொல்லிப் பயந்தது பல நேரம் இதைத்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், 145/95 இருக்கும்போது ஒன்றுமே தெரியாது. சமைக்கலாம், பஸ் ஏறலாம், சீரியல் பார்க்கலாம். "நல்லாத்தானே இருக்கா" என்று சொல்கிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய அமெரிக்க அணியில் டோரி போவி, அல்லிசன் ஃபெலிக்ஸ் இருவரும் இருந்தார்கள். ஃபெலிக்ஸுக்கு 2018-இல் 32-வது வாரத்தில் கடுமையான பிரீ எக்லாம்ப்சியா வந்து அவசரமாக சிசேரியன் செய்தார்கள். போவி 2023-இல் எட்டு மாதக் கர்ப்பத்தோடு ஃபுளோரிடாவில் தன் வீட்டில் தனியாக இறந்து கிடந்தார். மூச்சுத் திணறலும் எக்லாம்ப்சியாவும் காரணமாக இருந்திருக்கலாம் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்னது. அவர்களுடையதைவிடத் தெம்பான உடம்பு எதுவும் நம் தெருவில் இல்லை.

சரி, மிஷினுக்கு வருவோம்.

மெடிக்கல் ஷாப்காரர் முதலில் எடுத்துக் காட்டியது மணிக்கட்டில் கட்டுகிற சின்ன மிஷின். "கைக்கு அடக்கமா இருக்கும்மா, பேக்ல போட்டுக்கலாம்" என்றார். டாக்டரம்மா அதை வேண்டாமென்று முன்பே சொல்லியிருந்தார். மேல்கையில் பட்டை கட்டுகிற மிஷின்தான் வேண்டும், அதிலும் கர்ப்பிணிகளை வைத்துச் சோதித்துச் சரிபார்த்த மாடலாக இருக்க வேண்டும் என்றார். இது ஏன் என்று எனக்குப் புரிய நாளாயிற்று.

வீட்டு மிஷின் சத்தம் எதையும் கேட்பதில்லை. பட்டை இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது. காற்று இறங்க இறங்க, நாடி அடிக்கிற ஒவ்வொரு அடியும் பட்டைக்குள் இருக்கிற காற்றை லேசாக உலுக்குகிறது. தோட்டத்து ஹோஸ் பைப்பைக் காலால் மிதித்துக்கொண்டு மெல்ல விட்டால் தண்ணீர் திமிறித் திமிறி வருவது பாதத்தில் தெரியுமே, அது மாதிரி. அந்த உலுக்கல் எங்கே உச்சத்தில் இருக்கிறது என்பதை மட்டும்தான் மிஷின் பிடிக்கிறது. அது சராசரி அழுத்தம். திரையில் வருகிற மேல் அளவும் கீழ் அளவும், கம்பெனி உள்ளே எழுதி வைத்திருக்கிற சூத்திரத்தின்படி போட்ட கணக்கு. பிரீ எக்லாம்ப்சியாவில் ரத்தக்குழாய்களின் தன்மை மாறிவிடுவதால், சாதாரண ஆட்களுக்குச் சரியாகச் சொல்கிற சில மிஷின்கள் இவர்களுக்கு உண்மையைவிடக் குறைத்துச் சொல்கின்றன. எப்போது சரியாகச் சொல்ல வேண்டுமோ அப்போது குறைத்துச் சொல்கிற மிஷினை வாங்கி என்ன பயன்? ஸ்ட்ரைட் பிபி என்ற இணையதளத்தில் கர்ப்பத்துக்குச் சரிபார்த்த மிஷின்களைத் தனியாகவே பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். ஓம்ரான், மைக்ரோலைஃப் மாடல்கள் சில அதில் உண்டு. ஒரே கம்பெனியில் ஒரு மாடல் தேறியிருக்கும், இன்னொன்று சோதிக்கப்பட்டே இருக்காது. அதனால் கம்பெனிப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், மாடல் எண்ணைப் பாருங்கள்.

அப்புறம் பட்டை. மிஷினோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு. தையல் டேப்பை எடுத்து மேல்கையின் நடுவில் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். என் கை அதற்குள் அடங்கியது. என் நாத்தனாருக்கு அடங்காது. அவள் கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரை மிஷின் இருப்பதாகச் சொல்லும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். கடையில் தானாக எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

அளக்கிற விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் முதுகு சாய்கிற நாற்காலி. பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் கூடாது. கை மேஜைமேல், பட்டை நெஞ்சு மட்டத்தில். பாத்ரூம் போய்விட்டு வந்து உட்கார வேண்டும், காபி குடித்து அரைமணியாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மாதான் நம் வீடுகளில் கஷ்டம். சுடிதார் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே ஒரு கட்டு மாதிரி இறுக்கும் என்பதால் தளர்ந்த நைட்டிக் கையைத் தோள் வரை தள்ளிவிட்டு, பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கும்படி சுற்றி, பட்டனை அழுத்துவேன். மிஷின் உர்ரென்று இறுக ஆரம்பிக்கும்போதுதான் அத்தை சமையலறையிலிருந்து கேட்பார்: "சாம்பாருக்கு முருங்கக்காயா, கத்திரிக்காயாம்மா?" பதில் சொன்னால் நாலைந்து புள்ளி கூடிவிடும். சொல்லாவிட்டால் மருமகள் முறைக்கிறாள் என்று ஆகும். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். மிஷினை எடுத்தவுடன் மகளை அழைத்து வாயில் விரல் வைத்து நிற்கச் சொல்லிவிடுவேன். நாலு வயசுக் குழந்தைக்கு அந்த உத்தியோகம் ரொம்பப் பிடித்துப்போனது. அவள் "உஷ்" என்றால் அத்தையும் அடங்கிவிடுவார்.

முதல் அளவு எப்போதும் சற்றுக் கூடவே வரும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது எடுத்து, இரண்டையும் எழுத வேண்டும். பிடித்ததை மட்டும் எழுதுவது நோட்டை ஏமாற்றுவது. நான் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டில் தேதி, நேரம், மேல், கீழ், நாடித்துடிப்பு என்று கட்டம் போட்டேன். கடைசியில் ஒரு அகலமான கட்டம் விட்டிருந்தேன். அதில் 'ராத்திரி தூக்கமில்லை', 'கரண்ட் இல்லை', 'அவரோடு சண்டை' என்றெல்லாம் இருக்கிறது. டாக்டரம்மா அந்தக் கட்டத்தைத்தான் முதலில் படிப்பார்.

எத்தனை முறை பார்ப்பது என்பதும் முக்கியம். என் சித்தி மகள் ஒருத்தி மிஷின் வாங்கிய புதிதில் மணிக்கு ஒருமுறை பார்த்தாள். ஒருமுறை 128 வந்தால் பயத்தில் உடனே இன்னொன்று, அது 134, பிறகு இன்னொன்று, அது 139. மிஷின் அவளுடைய பயத்தைத்தான் அளந்துகொண்டிருந்தது. எனக்கு முதலில் வாரத்துக்கு மூன்று நாள், ஏற ஆரம்பித்த பிறகு தினம் காலையும் மாலையும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்கு மேல் தொடக் கூடாது.

இன்னொன்றும் செய்தார். நோட்டின் முதல் பக்கத்தில் தன் கையால் எழுதிக் கொடுத்தார். வீட்டில் 135/85-ஐத் தாண்டினால் அன்றைக்கே போன். 150/100 என்றால் அன்றைக்கே நேரில். 160/110 என்றால் கால்மணி நேரம் கழித்து மறுபடி ஒருமுறை, அப்படியே இருந்தால் 108-ஐக் கூப்பிட வேண்டும், யோசிக்க வேண்டாம். எண் என்னவாக இருந்தாலும் பொறுக்க முடியாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகமும் கையும் ஊதுவது, இதில் எது வந்தாலும் கிளம்பி வர வேண்டும். கீழே இரண்டு போன் நம்பர். என் கணக்கில், மூவாயிரம் ரூபாய் மிஷினைவிட அந்த ஒரு பக்கத்துக்கு விலை அதிகம்.

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பம்ப் என்ற பெயரில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடத்தினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் ரிச்சர்ட் மெக்மேனஸ், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் லூசி சாப்பல் போன்றவர்கள் சேர்ந்து செய்தது. முடிவு 2022-இல் வந்தது. முதல் ஆய்வில், பிரஷர் வரும் ஆபத்து கூடுதலாக உள்ள 2,441 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு மிஷினும் போன் செயலியும் கொடுத்து வீட்டில் அளக்கச் சொன்னார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான செக்கப் மட்டும். மிஷின் கொடுத்தவர்களுக்கு சீக்கிரமே கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. கிளினிக்கில் பிரஷர் என்று உறுதியான நாள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டாவது ஆய்வில், ஏற்கெனவே பிரஷர் உள்ள 850 பேர். அங்கும் மிஷின் இருந்ததால் பிரஷர் கூடுதலாகக் கட்டுப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு "பார்த்தியா, மிஷினால ஒண்ணும் ஆகலை" என்று சொல்லலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. அந்த ஆய்விலேயே, கிளினிக்கில் கண்டுபிடிப்பதற்குச் சில வாரங்கள் முன்பே பலர் வீட்டில் கூடுதல் அளவு எடுத்திருந்தார்கள். அதாவது எண் இருந்தது. அதை வைத்து யாரும் எதுவும் செய்யவில்லை, அல்லது செய்யப் போதுமான வழி இல்லை. பக்கத்துக் கர்நாடகத்தில் கோகாக் உட்படப் பல நாடுகளில் பத்து இடங்களில் கிரேடில் என்ற மிஷினைச் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிக்னல் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு எரிகிற மிஷின், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். அதிலும், மிஷின் வந்ததால்தான் சாவும் வலிப்பும் குறைந்தன என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. சிவப்பு எரிந்த பிறகு வண்டி, மருந்து, படுக்கை, டாக்டர் எல்லாம் வேண்டுமே.

என் விஷயத்தில் அந்த எண்ணைக் கேட்க ஒரு ஆள் இருந்தார். அவர் டாக்டர்கூட இல்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து என்னை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நம் ஊர் வழக்கம். சந்தோஷமான வழக்கம்தான். ஆனால் மருத்துவக் கணக்கில் பார்த்தால், பிரஷர் ஏற ஆரம்பிக்கிற அதே மாதத்தில் பெண்ணை ஊர் மாற்றி, ஆஸ்பத்திரி மாற்றி, டாக்டரை மாற்றுகிறோம். பழைய டாக்டருக்குத் தெரிந்ததெல்லாம் பழைய ஊரிலேயே நின்றுவிடுகிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் அரசாங்கத்தின் கணினியில் இருக்கும், அதில் எல்லா அளவும் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. என்னோடு வந்தது நோட்டு ஒன்றுதான்.

எங்கள் ஊருக்கு வருகிற கிராம சுகாதார செவிலியரை எல்லாரும் நர்ஸக்கா என்பார்கள். ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து நோட்டைக் கேட்டார். அட்டையைப் பார்ப்பது போல மேலோட்டமாகப் பார்க்கவில்லை. விரலை வைத்து, ஒரு கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வந்தார். முழங்கை வரை அடுக்கியிருந்த வளையல்களை விலக்கி, தன்னுடைய மிஷினாலும் ஒருமுறை பார்த்தார்.

"மேல இருக்கறத விடுங்க தாயி. கீழ் நம்பரப் பாருங்க. 70, 72, 76, 81, 84. இது தெனமும் ஒரு படி ஏறுது."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போன வாரந்தான் ஆசுபத்திரியில பாத்தாக, 130-க்கு 80ன்னு எழுதி, எல்லாம் நல்லாயிருக்குன்னுதான சொன்னாக?"

"எழுதுவாக ஆச்சி" என்றார் நர்ஸக்கா, அவ்வளவுதான். அன்றைக்கே சிறுநீரில் ஸ்டிரிப் வைத்துப் பார்த்தார், புரதம் இல்லை. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரைப் பார்க்க வைத்தார். சென்னை டாக்டரம்மாவுக்கும் நோட்டைப் படம் பிடித்து அனுப்பினோம். லேபெட்டலால் மாத்திரை ஆரம்பித்தார்கள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். பிரசவத்துக்கு இன்ன மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது என்று அப்பாவை உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத்தான் நர்ஸக்கா போனார். 140-ஐத் தொடும் முன்பே இவ்வளவும் நடந்தது. அட்டையை நம்பியிருந்தால் இன்னும் 130/80-இலேயே நின்றிருப்பேன்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியமும் நடந்தது. கால் வீங்குகிறது என்று பார்லித் தண்ணீர். உப்பில்லாத குழம்பு. கட்டிலை விட்டு இறங்காதே என்று உத்தரவு. பார்லித் தண்ணீர் வெயிலுக்கு நன்றாக இருந்தது, வேறொன்றும் செய்யவில்லை. கால் வீக்கம் மட்டும் இருந்தால் கர்ப்பத்தில் அது சகஜம், பிரஷர் இல்லாதவர்களுக்கும் இருக்கும். கர்ப்பத்தில் உப்பைக் குறைப்பதாலோ வீட்டில் படுத்தே கிடப்பதாலோ பிரீ எக்லாம்ப்சியாவைத் தடுக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே தன் பரிந்துரைகளில் சொல்லிவிட்டது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடுமாகத் தின்னச் சொல்லவில்லை. ஆனால் வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு உப்புச் சப்பில்லாத சோற்றைப் போட்டு, அதையே மருந்தென்று நினைத்து மாத்திரையை மறப்பது ஆபத்து. பால், தயிர், கேழ்வரகு குறைவாகச் சாப்பிடுகிற ஊர்களில் கால்சியம் மாத்திரை உதவும் என்பதையும் அதே பரிந்துரையில் சொல்லியிருக்கிறார்கள். கால்சியம் மாத்திரையை அரசு ஆஸ்பத்திரியில் சும்மாவே தருகிறார்கள். அதை எறவானத்தில் சொருகி வைத்த பெண்களை எனக்குத் தெரியும்.

மகன் 38-வது வாரத்தில் பிறந்தான். பிரசவத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம். எனக்கு இங்கே முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது.

குழந்தையும் நஞ்சும் வெளியே வந்துவிட்டால் பிரஷர் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். கடைசியில் போகத்தான் செய்யும், ஆனால் உடனே போகாது. பிரசவம் முடிந்து மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அது உச்சத்துக்கு ஏறுவதுதான் வழக்கம். கர்ப்பத்தில் உடம்பு சேர்த்து வைத்த நீரெல்லாம் அப்போதுதான் ரத்தத்துக்குத் திரும்புகிறது. நாம் அந்த நேரத்தில் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருப்போம். பிரசவம் பார்த்த மருத்துவமனையில் கொடுத்த சீட்டில் தையல் பராமரிப்பு, இரும்புச்சத்து மாத்திரை, குழந்தைக்குத் தடுப்பூசித் தேதி எல்லாம் இருந்தது. பிரஷரைப் பற்றி 'மாத்திரை தொடரவும்' என்று ஒரு வரி. எப்போது பார்க்க வேண்டும், எவ்வளவு வந்தால் திரும்ப வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த சில நாளில் ஒரு சாயங்காலம் நெற்றிப்பொட்டில் தலைவலி பிடித்தது. அம்மா சுக்கு உரசிப் பற்றுப் போட்டார். "பச்ச உடம்பு, ராவெல்லாம் முழிப்பு, வலிக்காம என்ன செய்யும்?" என்றார். நியாயமான பேச்சுத்தான். பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்குத் தூக்கம் இருக்கிறது, யாருக்குத் தலை வலிக்கவில்லை? மிஷினை எடுத்தது என் கணவர். அன்று காலையில்தான் வந்திருந்தார், பட்டை கட்ட நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். 158/104. ஒரு நிமிடம் கழித்து 156/102. நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, நம்பரைப் போட்டார். டாக்டரம்மா இரண்டு கேள்விதான் கேட்டார், கண் எப்படித் தெரிகிறது, வயிற்றில் வலி உண்டா என்று. "காருக்குச் சொல்லிட்டு மறுபடி பேசுங்க" என்றார். அந்த ராத்திரியே அட்மிட் ஆகி, மாத்திரையை மாற்றி, நிஃபெடிபின் சேர்த்தார்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாதத்தில் மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றன.

இந்த இடத்தில்தான் வீட்டு மிஷினுக்கு நல்ல சான்றும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பாப்-எச்டி என்று ஒரு ஆய்வு, 2023-இல் வந்தது. பிரஷரோடு பிள்ளை பெற்ற 220 பெண்கள். ஒரு பாதிப் பேர் வீட்டில் தினமும் அளந்து செயலியில் போட, மறுமுனையில் மருத்துவர்கள் அதைப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டியும் குறைத்தும் சொன்னார்கள். மாத்திரையெல்லாம் நின்று, பிரசவமாகி ஒன்பது மாதம் ஆன பிறகும் அவர்களுடைய கீழ் அளவு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு புள்ளி குறைவாக இருந்தது. முதல் சில வாரங்களில் சரியாகக் கவனித்ததன் பலன் மாதக்கணக்கில் நீடித்திருக்கிறது. பம்ப் ஆய்விலும் மிஷின் உண்டு, செயலி உண்டு. இங்கே கூடுதலாக இருந்தது, எண்ணைப் பார்த்து அன்றைக்கே மருந்தை மாற்றிய ஒரு ஆள்.

பிரீ எக்லாம்ப்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால், இந்த ஆறு புள்ளியை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. எனக்கு வந்ததற்கு டாக்டர்கள் அந்தப் பெயர் வைக்கவில்லை, வெறும் கர்ப்பகால பிரஷர் என்றுதான் எழுதினார்கள். ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது என் ஆசைக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் கொரோனா வந்து செக்கப்புக்குப் போக முடியாமல் ஆனபோது, இங்கிலாந்து அரசு பிரஷர் உள்ள கர்ப்பிணிகளுக்கு மிஷின் கொடுத்து வீட்டிலேயே அளக்கச் சொன்னது. நம் மாநிலம் இதைச் செய்ய முடியாத மாநிலமில்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமும் கொடுக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-இலிருந்து வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்கு பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் மிஷின் வேண்டாம். முன்பு பிரஷர் வந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள் என்று ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இரவல் கொடுத்து, பிரசவமாகி ஆறு வாரம் கழித்துத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். நூலகப் புத்தகத்துக்குச் செய்வதை இதற்குச் செய்ய முடியாதா? கூடவே அந்த முதல் பக்கத்தையும் அச்சடித்து ஒட்டி, நர்ஸக்கா நம்பரையும் எழுதிக் கொடுக்கட்டும். நம்பர் எழுதாமல் வெறும் மிஷினைக் கொடுப்பதானால் அந்தப் பணத்துக்குக் கூடுதலாக ஒரு நர்ஸைப் போடலாம் என்பேன்.

எங்கள் மிஷின் இப்போது இன்னொரு சித்தி மகளிடம் போயிருக்கிறது, அவளுக்கு இது ஆறாவது மாதம். அனுப்பும் முன் திறந்து பார்த்தால் உள்ளே நாலு பேட்டரியில் இரண்டைக் காணோம். ஹாலில் நின்றுபோயிருந்த சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அப்பா பேப்பரிலிருந்து தலை நிமிரவே இல்லை. அரசாங்கம் மிஷின் கொடுப்பதாக இருந்தால், பேட்டரி இரண்டு செட்டாகக் கொடுப்பது நல்லது.